கரும்புத் தோகைக் கூரை

“அடியே ஜெயமணி, இன்னாடி பண்றே? பேய் கீய் புடிச்சிக்கிச்சா?”

எதிர்வீட்டு ராமாயி அலறியதில் தெருவே கூடிவிட்டது.

ஜெயமணி வாசலில் உரல்மேல் ஏறி நின்று, கதிர் அரிவாளால் தன் வீட்டுக் கூரையின் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். நேற்று வேய்ந்த கரும்புத் தோகை கத்தை கத்தையாகச் சரிந்தது. அவளுடைய கைக்குழந்தை ராமாயி இடுப்பில் வீரிட்டது.

புதன்கிழமை அடித்த புயலில், பாகூருக்குக் கிழக்கே அந்தத் தெருவில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் ஊரில் கூரையில்லாத வீடு இருக்கக் கூடாது, பழைய வழக்கம். பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் மெம்பர் பலராமன் வண்டி வண்டியாகத் தோகையும் ஆளும் அனுப்பினார். தெரு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

“புதுச்சேரியிலேர்ந்து வெள்ளக்காரத் துரை வந்து சேதத்தைப் பாக்கணுமேய்யா,” என்று யாரோ இழுத்தபோது, “துரைகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மொதல்ல விளக்கேத்துங்க,” என்றார்.

இன்று காலை துரை வந்துவிட்டார். பலராமன் கூடவே நடந்து தெருவைக் காட்டினார். ஜெயமணியின் வாசலில் நின்று இருவரும் பிரெஞ்சில் ஏதோ பேசினார்கள். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். அவ்வளவுதான். ஜெயமணி குழந்தையை ராமாயியிடம் தள்ளிவிட்டு அரிவாளை எடுத்துவிட்டாள்.

“கூலி வாங்காம வேய்ஞ்சோம், தங்கச்சி. தோகை அறுத்துக் கையெல்லாம் ரத்தம், பாரு!” என்றான் பலராமனின் ஆள் பக்கிரி.

“எம்புள்ள சைகோன்ல கெடந்து கஷ்டப்படுறான். இவ ஊர் சிரிக்க உரல் மேல நிக்கிறா. எறங்குடி!” மாமியார் தையலம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

“கொழந்தைய எங்கடி படுக்க வைப்பே? வானத்துக் கீழயா?” என்றாள் ராமாயி.

“நேத்து மட்டும் எங்க படுத்துச்சுக்கா? பயந்துகினு ராவெல்லாம் மடியிலயே வச்சிருந்தேன். மேல பாருங்க!”

தோகை விலகிய இடத்தில் முறிந்த விட்டம் பல்லைக் காட்டியது. மண்சுவர் உச்சியிலிருந்து நிலைப்படி வரை பிளந்திருந்தது. அதன்மேல்தான் தோகையை அழகாகப் பரப்பியிருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பலராமன் திரும்பி வந்தார். துரையும் பின்னாலேயே.

“இன்னாம்மா கொறை? கழி பத்தலியா? கேட்டா குடுக்கமாட்டேனா?” குரல் தேனாக இருந்தது.

“போன வருசம் வூட்டுக்கு வூடு புயல் வரி கேட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

“அது சர்க்கார் வரிம்மா. காத்துல வூடு போனா சர்க்காரே கட்டித் தரும். உங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுக்குத்தான் எங்க அண்டாவைத் தூக்கினு போனீங்களா?” அடுத்த கட்டையும் அறுத்தாள்.

“பாத்தீங்களா, நல்லது செஞ்சதுக்குக் கூலி!” பலராமன் தெருவைப் பார்த்துக் கையை விரித்தார். தெரு தலையாட்டியது.

“நன்றி கெட்டவ!” யாரோ காறித் துப்பினார்கள்.

துரை புருவத்தைச் சுருக்கி என்னவோ கேட்டார். பலராமன் சிரித்துக்கொண்டே வாயெடுத்தார்.

அதற்குள் உரல்மேலிருந்து ஜெயமணி பதில் சொன்னாள். பிரெஞ்சில்.

புதுச்சேரியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தையலம்மாளே வாயைப் பிளந்தாள்.

துரையின் முகம் சிவந்தது. பலராமனின் முகம் வெளுத்தது.

“துரைகிட்ட இன்னா சொன்னே, தங்கச்சி?” பக்கிரி மெதுவாகக் கேட்டான்.

“நான் இன்னாண்ணே சொல்றது? ‘இந்தத் தெருவுல ஒரு துரும்புகூட அசையல, முசே துரை, விழுந்தது என் கரும்பாலைக் கொட்டா மட்டும்தான்’னு உங்க மெம்பர் ஐயா என் வாசல்ல நின்னு சொன்னாரே, அதையே திருப்பிச் சொன்னேன். புயல் பிச்சதை முழுசா பிரிச்சுக் காட்டுற வரைக்கும் கொஞ்சம் நில்லுங்கன்னேன்.”