காயாத ஷூ

"'புருஷன் பேச்சில்லாம படுத்துக் கிடக்கான், இவளுக்குக் கலர் ஷூவும் காலை ஓட்டமும் கேக்குதா?' இதைத்தானே அண்ணி மாடி வீட்டம்மாகிட்ட சொன்னீங்க?"

வேர்வை சொட்டச் சொட்ட சமையலறை வாசலில் நின்று கேட்டாள் தம்பி மனைவி.

புருஷனின் அக்கா அசரவில்லை. "ஆமா, சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?"

"மெதுவா அண்ணி. அவர் காதுல விழும்."

"விழட்டுமே! இந்தப் புழுக்கத்துல உட்கார்ந்த இடத்துலேயே உடம்பு கசகசங்குது. நீ ஓடியே ஆகணும்னு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?"

"ஒரு மணி நேரம்தான். வந்து எல்லா வேலையும் பார்க்கறேனே."

"வேலைக்கு நான் இருக்கேன். அவன் கண் முழிக்கிற நேரத்துல பக்கத்துல நீ இல்லையே! நல்லா இருந்தப்போ அவன் உன்னை ஓடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவ நீ. இப்ப என்ன திடீர் ஞானோதயம்?"

"அது வந்து அண்ணி, அவருக்கு..."

"அவன் பேரை இழுக்காதே. இந்த வீட்டுல ஓட்டப் பேச்சே கூடாதுன்னு நான் சொன்னேனா, இல்லையா?"

சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வந்து இறங்கியவள், அவன் ஓடி வாங்கிய பதக்கங்களைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். பக்கவாதத்தில் வலது பக்கமும் வாயும் போனவன் கண்ணில் அவை பட்டால் மனசு உடைந்துபோவானாம். தம்பிமேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.

தம்பி மனைவி தலைகுனிந்து ஷூவைக் கழற்றினாள். குதிகால் பக்கம் வேர்வை உப்பாகப் பூத்திருந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த ஷூ வாளித் தண்ணீரில் மிதந்தது.

"அண்ணி... ஷூ?"

"நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. சோப்புப் போட்டு ஊற வச்சேன். காயட்டும், அப்புறம் ஓடு."

"செருப்போட ஓடித்தான் முதல் வாரமே கால் பிசகிச்சு."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வீட்டோட இரு."

காற்றே இல்லாத அந்தக் கோடைப் புழுக்கத்தில் கைக்குட்டை காயவே ஒரு பகல் ஆனது. பஞ்சு வைத்த ஷூ எங்கே காயும்? கொடியில் கிடந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வாய்ச் சண்டையில் முடியாததை ஒரு வாளித் தண்ணீர் முடித்துவிட்டது.

ஆனால் தம்பி அன்றைக்குக் கஞ்சியைத் துப்பினான். அடுத்த நாள் வாயையே திறக்கவில்லை.

"ஒரே ஒரு ஸ்பூன்டா. அக்காவுக்காக."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பிசியோதெரபி பெண் வந்தாள். அவனுடைய வலது கையைத் தூக்கிப் பார்த்தவள் ஆச்சரியப்பட்டாள்.

"ஆள்காட்டி விரல்ல அசைவு வந்திருக்கே! நான் கொடுத்த பயிற்சிக்கு மட்டும் இவ்வளவு வராதும்மா. வேற யாரு செய்ய வைக்கிறீங்க?"

"வேற யாரு? நான்தான். தினமும் பிடிச்சு விடறேன்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிரவில்லை.

"விடாம செய்யுங்க. இந்தச் சமயத்துல நின்னுட்டா திரும்ப வர்றது கஷ்டம். ஏன் இப்படி வாடியிருக்கார்? சாப்பிடறதில்லையா?"

அக்கா பெருமூச்சு விட்டாள். "புருஷனை விட்டுட்டு ஊர் சுத்தினா அவன் மனசு என்ன பாடுபடும்? அந்த ஏக்கம்தான்."

அந்தப் பெண் போனதும் தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து விரிப்பை உருவினாள் அக்கா. தலையணைக்கு அடியிலிருந்து அவன் போன் வழுக்கி விழுந்தது. அவனுடைய வலது கைப்பக்கமாகவே யாரோ வைத்திருந்தார்கள்.

பொழுது போகாமல் படம் பார்க்கிறான் போலிருக்கிறது என்று எடுத்தாள். திரையில் தெரு வரைபடம். அதில் தம்பி மனைவி இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி. இந்த வீட்டின் மேலேயே அசையாமல் நின்றது.

கீழே அவள் தினமும் அனுப்பிய செய்திகள்.

'5.15. கிளம்பிட்டேன். நீங்க ஓடின அதே வழி. புள்ளியைப் பாருங்க.'

'ரயில்வே கேட் தாண்டியாச்சு. காத்தே இல்லை. கோடையில நிறுத்தினா கால் மறந்துடும்னு சொல்வீங்களே, அதான் ஓடறேன். இல்லைன்னா திரும்பியிருப்பேன்.'

'தண்ணித் தொட்டி. மூச்சு வாங்குது. சிரிக்காதீங்க. பார்த்தேன்னு ஒரு புள்ளி வைங்க. வலது கையால! ஏமாத்தக் கூடாது. அண்ணிக்குத் தெரிய வேண்டாம், நீங்க வருத்தப்படுவீங்கன்னு பயப்படறாங்க.'

ஒவ்வொன்றுக்கும் கீழே தம்பியின் பதிலாக ஒரே ஒரு முற்றுப்புள்ளி. முதல் வாரம் அதை வைக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. போன வாரம் இரண்டே நிமிடம்.

அக்கா வெளியே கொடியைப் பார்த்தாள். ஷூ இன்னும் காயவில்லை.

கடைசியாக இருந்த மூன்றும் தம்பி அனுப்பியவை. முந்தாநாள் 5.15க்கு ஒரு புள்ளி. நேற்று 5.15க்கு ஒரு கேள்விக்குறி. இன்றைக்கும் 5.15க்கே தட்ட ஆரம்பித்திருப்பான். முடிக்கும்போது ஆறரை ஆகிவிட்டிருந்தது. தம்பி மனைவி படித்துவிட்டதற்கான குறி இருந்தது. பதில் இல்லை.

படுக்கையில் விழுந்த பிறகு தம்பி பேசிய முதல் வார்த்தை அது:

'ஓடு.'