மடவைக் குழம்பில் ஒரு முடி

"இன்னாது இது?"

மடவை மீன் குழம்புக்குள் விரல் விட்டு உலகநாதன் இழுத்தது, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது. ஒரு முழ நீளத் தலைமுடி. தட்டின் விளிம்பில் அதை ஒட்டிவிட்டு, எச்சில் கையோடு மருமகளை முறைத்தார்.

நிவேதாவுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பத்து நாளாகச் சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. கோட்டைக்குப்பம் முழுவதும் அந்தச் சேதியைப் பரப்பியவரே உலகநாதன்தான்.

"இறகு உதிர்க்கற கோழி மாதிரி வீடெல்லாம் உதிர்த்த. இப்ப என் தட்டுலயுமா? இந்த வீட்டுப் பொம்பளைங்க கொண்டையைப் பாத்து ஊரே மூக்குமேல விரல வைக்கும். உன் மாமியாரப் பாரு, அறுபதத் தொடப்போறா. ஒரு மயிரு கொட்டியிருக்குமா?"

குழம்புக் கரண்டியோடு நின்ற அவர் மனைவி பவுனம்மாள், முடிப்பேச்சு எழுந்தாலே செய்வதுபோல் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

"மாமா, நான்..."

"பேசாத. பதினோரு மணி பஸ்ஸப் புடிச்சு திருப்பாலைவனத்துக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரு. புள்ள இங்க இருக்கட்டும். சீக்குத் தலைக்குப் பக்கத்துல என் பேரன் வேணாம்."

நிவேதா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தட்டிக் கேட்க வேண்டிய கணவன் மனோஜ் கடலுக்குப் போயிருந்தான்.

தடுப்பூசிப் பெட்டியோடு வந்த நர்ஸ் செசிலியா இதை வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல பெரியவரே. முடின்னா வளரும், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும், கொட்டும். மாசமா இருக்கறப்ப கொட்டாம நின்னதெல்லாம், புள்ள பொறந்து மூணு மாசத்துல மொத்தமா கொட்டும். அப்பறம் தானா மொளைக்கும்."

உலகநாதன் உதட்டைச் சுழித்தார். "என் குழம்புல விழுந்ததுக்கும் ஒரு பாடம் வச்சிருக்கியா நர்சம்மா?"

செசிலியா அந்த முடியை அலசி வெளிச்சத்தில் பிடித்தாள். நிவேதாவின் சீப்பிலிருந்து ஒன்றை உருவிப் பக்கத்தில் வைத்தாள்.

"தானா கொட்டுன முடிக்கு அடியில, குருணை மாதிரி வெள்ளையா வேர் இருக்கும். சீப்புல இருக்கறதுக்கு இருக்குது பாருங்க. உங்க தட்டுல வந்ததுக்கு ரெண்டு முனையிலும் இல்ல. இது கத்தரியால வெட்டுன முடி."

"வெட்டுனதா!" உலகநாதன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் வீட்ல, என்னைக் கேக்காம தலையில கத்தரி வச்சவ எவ? எவளா இருந்தாலும் இனி ஒரு நிமிசம் இங்க இருக்கக் கூடாது!"

நிவேதா பையை எடுக்கக் குனிந்தாள்.

பவுனம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மருமகளின் கையிலிருந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"பொன்னேரியில நான் சவுரி வாங்கும்போதே, அது வெட்டுன முடிதாங்க."