மூக்குக்கு எட்டாத சரக்கு

ஆனையூர் வீட்டின் புது அறையில் வெள்ளிக்கிழமைச் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. பிளைவுட் அலமாரியின் பசை நெடி ஒரு வாரமாகக் கண்ணைக் கரிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து நாள் பேத்தியுடன் மகள் சுபலட்சுமி இந்த அறைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறாள். பெருங்காயத்தில் கலப்படத்தை மோந்தே கண்டுபிடிக்கிற வியாபாரி காளை, அந்த நெடியைப் போக்கக் காலையிலிருந்து ஓடும் சாம்பல் நிற மின்பெட்டியை மோந்து பார்க்கிறார். வாசனையே இல்லை. "இதைச் சூடு பண்ணக்கூட வேணாம்ணே. உள்ள பூசியிருக்க மாங்கனீசு, சாதாரணக் காத்துலயே நெடியைத் தண்ணியாவும் கரியமில வாயுவாவும் மாத்திரும்" என்கிறான் பெட்டியைக் கொண்டுவந்த சூரியபிரகாஷ். காளை பெட்டியின் அடியில் விரலை ஓட்டுகிறார். ஈரமில்லை, தூசியுமில்லை. "அம்புட்டு நெடியைத் தின்ன மிசினு, ஒரு சொட்டாச்சும் விடணும்லப்பா?" "அது கண்ணுக்குத் தெரியாதுண்ணே." "கண்ணுக்குத் தெரியாததைத்தான் நானும் முப்பது வருசமா விக்கிறேன். எனக்கு மூக்காவது சாட்சி சொல்லும்."

சூரியபிரகாஷ் காற்றில் உள்ள நெடியை அளக்கும் மீட்டரை நீட்டுகிறான். எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்நேரம் பார்த்து காளையின் மனைவி அன்னக்கொடி சாம்பிராணித் தட்டோடு உள்ளே வந்து, "பச்சப்புள்ள வார ரூம்புல நெடி நிக்கக் கூடாதுல்ல" என்று மூலைக்கு மூலை புகை காட்டுகிறாள். மீட்டரில் எண் மளமளவென ஏறுகிறது. சூரியபிரகாஷ் தலையில் கைவைக்கிறான். காளையின் கண்ணில் நீர் கோத்திருக்கிறது. பசையாலா, புகையாலா, அவருக்கே தெரியவில்லை. கீழே ஆட்டோ வந்து நிற்கிறது. படியேறி வந்த சுபலட்சுமி, "அப்பா, உள்ள வரவா?" என்கிறாள். காளை வாசலை மறித்து நிற்கிறார். கைகள் மட்டும் பேத்தியை வாங்க நீள்கின்றன.