எத்தனை ஓட்டை?

டாக்டர் காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். "தொப்புள்ல ஒரே ஓட்டை போட்டு, கெட்டுப்போன துண்டை எடுத்துடலாம். தழும்பே தெரியாது. பத்தே நாள்ல வேலைக்குத் திரும்பிடலாம்."

"நாலு ஓட்டை போட்டா?" என்றாள் அவள்.

"ரெண்டு வாரம் ஆகும்."

"ஓட்டையே வேண்டாம், வயித்தைக் கிழிச்சுப் பண்ணினா?"

"ரெண்டு மாசம் படுத்த படுக்கைதான்!"

"அப்ப கிழிச்சிடுங்க."

"யாராவது வினையை விலை கொடுத்து வாங்குவாங்களாம்மா?"

"பன்னிரண்டு வருஷமா உங்க பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் குடுக்கறேன். சேர்ந்தாப்போல நாலு நாள் லீவு குடுத்திருக்கீங்களா, டாக்டர்?"

டாக்டர் அசடு வழிந்தார். "சரி, ஒரே ஓட்டை, ரெண்டு மாசம் லீவு. போதுமா?"

மலர்ந்த முகத்தோடு எழுந்தவளை மறுபடி கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன். வழக்கம்போல ஏழு மணிக்கே வந்து கத்தியெல்லாம் எடுத்து வெச்சிடுங்க, சிஸ்டர்!"