ஒட்டு

"ஒட்டுப் போடலாம் சார். ஆனா ஒட்டு ஒட்டுதான்" என்றார் மெக்கானிக், குளியலறையில் ஸ்டூல் மேல் நின்றபடி. ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றியதும் துருத்தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது.

"போடுங்க. அது போதும்" என்றான் அவன்.

"என்னடா போதும்? எதுக்கெடுத்தாலும் போதும் போதும்னுட்டு!"

குளியலறை வாசலில் நின்ற அந்த அம்மாள் இப்போதுதான் வந்திருந்தாள். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

அவன் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாளியை நகர்த்தி, தண்ணீர் சொட்டும் இடத்தில் வைத்தான்.

"நல்லாக் கேளுங்கம்மா." மெக்கானிக்குக்குத் துணைக்கு ஆள் கிடைத்த உற்சாகம். "சூடாக்கற காயில் மட்டும் போயிருந்தா மாத்திட்டுப் போயிட்டே இருப்பேன். இது டேங்க்கே அரிச்சுப் போச்சு. இன்னிக்கு இங்க அடைச்சா நாளைக்கு அங்க ஒழுகும். பழைய குருடி கதவைத் திறடிதான். ஒழுகற தண்ணி வயர்ல பட்டுச்சுன்னா, அப்புறம் வெந்நீர் இருக்கும், குளிக்க ஆள் இருக்காது."

"வாளி வச்சுக்கறேன்."

"சார், வெந்நீருக்கு ஹீட்டர் வச்சிருக்கீங்களா, ஹீட்டருக்கு வாளி வச்சிருக்கீங்களா?"

அம்மாள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் எதுவும் மாற்றப்படவில்லை. சமையலறைக் குழாயில் துணி கட்டியிருந்தான். நாற்காலியின் ஒரு காலுக்குப் பதில் செங்கல். சுவர்க் கடிகாரம் நின்றுபோய், அதன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"புதுசே மாட்டிடுங்க" என்றாள் அம்மாள் மெக்கானிக்கிடம்.

"எத்தனை பேர் குளிக்கணும்?"

"ஒருத்தன்" என்றான் அவன்.

"ரெண்டு பேர்" என்றாள் அவள். "அப்புறம் மூணாகும், நாலாகும். இருக்கறதுலயே பெரிசாக் கொண்டாங்க. அடுத்த மாசம் வீட்டுக்குப் புது மருமக வர்றா."

"இன்னும் முடிவாகலை."

"அதான் இன்னிக்கு முடிவாகணும்ங்கறேன். பொண்ணு வீட்ல சாயந்திரம் போன் பண்றாங்க. இதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? டேங்க் ஒழுகுது, வாளி வச்சிருக்கான்னு சொல்லவா?"

மெக்கானிக் ஹீட்டருக்குள் தலையை விடாத குறையாக எதையோ ஆராய்ந்தார். அங்கே ஆராய ஒன்றுமில்லை என்பது தெரிந்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"மாடிக்குப் போய் வால்வை மூடிட்டு வந்துடறேன். அதுக்குள்ள அம்மாவும் பிள்ளையும் ஒரு முடிவுக்கு வாங்க."

அவர் படியேறும் சத்தம் தேய்ந்தது.

"இது அவ வாங்கினது" என்றான் அவன்.

"தெரியும். நானும்தானே கூடப் போனேன். கடை கடையா ஏறி இறங்கி என் காலை ஒடிச்சா."

அவன் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினான். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றான். " போய்ப் பார்த்துப் பேசிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி படுத்ததுதான் தெரியும். அப்படி ஒரு தூக்கம். அவ ஞாபகமே வரலை. காலையில எழுந்ததும் அவ போட்டோ பக்கம் பார்க்கவே வெட்கமா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

அம்மாள் இப்போதுதான் பையைக் கீழே வைத்தாள்.

"தூங்கினியா?"

"ம்."

"நிஜமாத் தூங்கினியா?"

"ம்."

"அப்பாடா!" என்றாள் அவள். குரல் லேசாக உடைந்தது. "அதுக்குத்தானேடா வீடு வீடா ஏறி உனக்குப் பொண்ணு பார்த்தேன்? நீ தூங்கினா அவ கோவிச்சுப்பாளா? இருந்தப்பவே, நீ தூங்கறேன்னா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு வாயசைக்கறதை மட்டும் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா அந்தப் பைத்தியம்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

மெக்கானிக் கைகளைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சார், பசை குழைக்கட்டுமா?"

"வேணாம்" என்றான் அவன். "கழட்டி இறக்கிடுங்க. பெரிசே கொண்டாங்க."

பிறகு அம்மாளைப் பார்த்துச் சொன்னான்: "சாயந்திரம் போன் வந்தா என்கிட்ட குடுங்க. நானே பேசறேன்."

"அப்படிப் போடுங்க!" மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஸ்டூலில் ஏறினார். "இப்படி ஒரு அம்மா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்."

பழைய ஹீட்டரை இறக்கிப் பால்கனியில் வைத்துவிட்டு, புதியதை எடுத்துவர அவர் கடைக்குக் கிளம்பினார். பைக் சத்தம் தெருவைத் தாண்டியதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"எப்பவும் ‘வாங்க மாப்ளே, போங்க மாப்ளே’ன்னுதானே பேசுவீங்க, அத்தை? இன்னிக்கு என்ன, வந்ததும் வராததுமா ‘டா’?"

அவள் குனிந்து ஈரத்தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே நீ வேற வீட்டுக்கு மாப்பிள்ளை. என் பொண்ணும் இல்லாம, நான் எந்த முறையைச் சொல்லிக்கிட்டு இங்க வந்து போறது? அதான், பஸ்ல வர்றப்பவே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டு வந்தேன்டா!"