ஆளுக்கொரு காது

கணபதி பகுதியில் இருக்கும் கல்லூரியின் கணினி அறையில், மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் திரைகள்மேல் கோடு கோடாக இழுத்திருக்கிறது. கணினியில் ஆங்கிலம் கற்பதை ஆய்வு செய்யும் அஃப்ரா, கடைசி வரிசையையே பார்த்தபடி நிற்கிறாள். அங்கே மாணவிகள் புவனாவும் சிவகாமியும் ஒரே ஹெட்போனை விரித்துப் பிடித்து ஆளுக்கொரு காதில் வைத்திருக்கிறார்கள். புவனா மைக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறாள், தப்பென்று திரை சிவக்கிறது. "நேத்து போனதுக்கு 'கோ' வராது புள்ள, 'வென்ட்'டுன்னு சொல்லோணும்," என்கிறாள் சிவகாமி. "அதென்னத்துக்கு அப்படி மாறுது?" வாதாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி சொல்கிறார்கள். திரை பச்சையாகிறது. வாசலில் நிற்கும், அஃப்ராவின் ஆய்வு நெறியாளர் முகம் சுளிக்கிறார். "தனித்தனியா உக்கார வைம்மா. இப்படி இருந்தா மார்க்கு யாரோடதுன்னு எழுதுவே?" ஆய்வேட்டில் அஃப்ரா இதுவரை எழுதிய அத்தியாயங்கள் எல்லாமே அந்த மார்க்கை நம்பியவை. "மார்க்கு வேண்டாமுங்க சார். இவங்க பேசிக்கறதுலதான் படிப்பே நடக்குதுங்க. இனி அதைத்தான் ஆராயப்போறேனுங்க." "அப்ப எழுதுனதெல்லாம்?" "மொதல்ல இருந்து எழுதிக்கறேனுங்க." நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் இருவருக்கும் நடுவே, அஃப்ரா தன் செல்போனைப் பதிவில் போட்டு வைக்கிறாள். "நீங்க பேசுங்க கண்ணு."