டீச்சருக்குத் தலைவலி

“பிள்ளைங்க வாயைத் திறக்கணும்னுதானே பள்ளிக்கூடம் அனுப்பறோம்? மூடிக்கிட்டு வர்றதுக்கா?”

தலைமையாசிரியை அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேட்டவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். மைக் வைத்துக்கொள்வது தொழிலுக்கு அவமானம் என்று நினைப்பவர்.

பக்கத்தில் அவருடைய மகள், மூன்றாம் வகுப்பு, தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே அவளுடைய வகுப்பு டீச்சர்.

“விஷயத்தைச் சொல்லுங்க சார்,” என்றார் தலைமையாசிரியை.

“பேர் கூப்பிட்டா ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லணுமா இல்லையா? இவங்க வகுப்புல பெஞ்சைத் தட்டணுமாம். காலையில இவளை விட வந்தப்ப ஜன்னல் வழியா நானே பார்த்தேன். தச்சுப் பட்டறை மாதிரி ஆளாளுக்கு டொக்கு டொக்குன்னு தட்டுதுங்க.”

“ஏன் டீச்சர்?”

டீச்சர் சிறுமியை ஒரு தடவை பார்த்தார். “சத்தம் கேட்டா எனக்குத் தலைவலி வருது மேடம்.”

“தட்டற சத்தத்துல வராதா?”

“அது பரவாயில்லை மேடம்.”

இப்படி ஒரு தலைவலியை அந்த அறையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஏலக்காரர் விடவில்லை. “போன பருவத்துல இதே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ‘உங்க பொண்ணு வகுப்புல பேசவே மாட்டேங்கிறா’ன்னாங்க. வீட்டுல இவ வாயை மூட வைக்கத்தான் நாங்க படாத பாடு படறோம். சரி, பிடிவாதம்னு நினைச்சு, அன்னைக்குத் தூங்கப் போற வரைக்கும் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல வெச்சேன். கணீர்னு சொன்னா. மறுநாள் உங்க வாசல்ல வந்து வாந்தி எடுத்தா. கோளாறு எங்கேன்னு இப்பத்தானே தெரியுது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. இவங்க வகுப்பையே ஊமையாக்கி வெச்சிருக்காங்க.”

தலைமையாசிரியைக்கு அது நியாயமாகவே பட்டது.

“சத்தம் ஆகாதுன்னா இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க டீச்சர்? நாளையிலேர்ந்து எல்லாரும் வாயாலதான் சொல்லணும். நானே வந்து நின்னு பார்ப்பேன்.”

டீச்சர் முகம் சுண்டிப்போனது. பார்வை மறுபடி சிறுமியிடம் போனது.

ஏலக்காரர் ஜெயித்த தோரணையில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பள்ளி கேட்டைத் தாண்டித் தெருமுனை வரும்வரை அவள் மூச்சு விடவில்லை. முனை திரும்பியதும் குழாயைத் திறந்த மாதிரி ஆரம்பித்தாள்.

“டீச்சருக்குத் தலைவலியே கிடையாதுப்பா. எனக்குத்தான் சொல்ல வராது.”

“வீட்டுல சொன்னியேம்மா?”

“வீட்டுல வருது. அங்க பேர் கூப்பிட்டதும் பயம் வந்துடுது. சொல்லணும்னுதான்பா நினைப்பேன். தொண்டையில யாரோ கதவைச் சாத்திடறாங்க. ஒரு நாள் டீச்சர், ‘நீ தட்டினா போதும்’னாங்க. நான் மட்டும் தட்டினேனா, எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தாங்க. அழுதுட்டேன். மறுநாள் வந்து, தலைவலி, இனிமே எல்லாரும் தட்டுங்கன்னுட்டாங்க.”

அவர் நின்றுவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. சொன்னா மறுபடியும் எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “நாளைக்கு நான் வயித்துவலின்னு லீவு போட்டுக்கட்டுமா?”

ஏலக்காரருக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கே திரும்பி வந்து, மகளைக் கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே போனார். டீச்சர் இன்னும் அதே இடத்தில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னும் என்ன சார்?” என்றார் தலைமையாசிரியை.

“பெஞ்சைத் தட்டறதே இருக்கட்டும் மேடம்.”

“இப்பத்தானே கூடாதுன்னு அந்தக் கத்து கத்தினீங்க?”

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அவரைப் பார்த்தார்.

“சத்தம்னா எனக்கும் தலைவலிங்க,” என்றார் ஏலக்காரர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.